லிஃப்ட்காரர் வீட்டுக் கூரை

மழை வந்தால் லிஃப்ட்காரர் வீட்டில் பதினொரு பாத்திரங்கள் வேலைக்குக் கிளம்பிவிடும். அலுமினியக் குண்டான் கட்டிலின் கால்மாட்டுக்கு, நெளிந்த வாளி சமையலறை வாசலுக்கு, இரண்டு டம்ளர்கள் அலமாரியின் தலைக்கு. எது எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டே வைத்துவிடுவாள். லிஃப்ட்காரர் தம் பங்குக்குக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி, சத்தத்தை வைத்தே, "வாளி ரொம்பிடுச்சு" என்று அறிவிப்பார். குடும்பத்துக்கு அவர் ஆற்றிவந்த சேவைகளில் அது முக்கியமானது.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறார். ஓட்டுவது என்றால், முக்காலியில் உட்கார்ந்து, ஏறுகிறவர் சொல்லும் மாடிக்குப் பித்தானை அழுத்துவது. ஜன்னல் கிடையாது. தலைக்கு மேல் ஒரு குழல்விளக்கு, முகத்துக்கு நேரே ஒரு கதவு, அவ்வளவுதான் உலகம். ஒரு நாளைக்கு நூறு தடவை ஒன்பதாவது மாடிக்குப் போய்வருகிற அந்த மனிதர், வீட்டில் பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறினால் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். கேட்டால், "பெட்டிக்குள்ள எல்லா மாடியும் ஒண்ணுதான். நாற்காலி அப்படியா?" என்பார்.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு போட்டால், பித்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம் என்கிற உண்மை அந்தக் கட்டடத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் காய்ச்சலோடும் வேலைக்குப் போவார். மகள் கல்யாணத்துக்கே ஒன்றரை நாள்தான் லீவு. கல்யாண மேடையிலிருந்து இறங்கி நேராக டியூட்டிக்குப் போன ஒரே அப்பா அவராகத்தான் இருக்கும்.

கூரை விஷயம் எப்படித் தொடங்கியது என்றால், ஒரு வியாழக்கிழமை காலை ஓடு ஒன்று தானாகக் கழன்று மனைவியின் தையல் மெஷின் மேல் விழுந்தது. அவள் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறவள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். இல்லாவிட்டால் அவளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள், உறையோடு அல்ல, தலையணையோடு. திரும்பி வந்து ஓட்டுத் துண்டுகளைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். ஓட்டையின் வழியாக ஒரு காக்கை அவளைப் பார்த்தது.

"என்னங்க," என்றாள். "இந்தக் கூரை நம்மள போடறதுக்கு முன்னாடி நாம இதைப் போட்டுடலாம்."

கொத்தனார் வந்தார். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். உச்சுக் கொட்டினார். "இதை இத்தனை நாள் எது தாங்கிட்டிருந்துச்சுன்னு எனக்கே புரியலைம்மா. மரம் இல்லை. மரத்துல கறையான்தான் கையைக் கோத்துக்கிட்டு நிக்குது." மழைக்காலம் முடிந்து, கையில் இருக்கும் வேலைகள் முடிந்து, இரண்டு மாதம் கழித்து வருவதாகச் சொன்னார். அவர் தெருமுனை திரும்பும் முன்பே மனைவி தன் அண்ணனுக்கும் தம்பிக்கும் போன் போட்டுவிட்டாள். லிஃப்ட்காரர் எத்தனை நாள் லீவு போகும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

பெரிய மச்சான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். வாய் இன்னும் சர்வீஸில் இருந்தது. எந்த இடத்தில் நின்றாலும் அங்கிருக்கிறவர்களை உள்ளே தள்ளிப் போகச் சொல்லுவார். சின்ன மச்சான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். ட்ரில் மெஷின் வைத்திருந்தான். ட்ரில் மெஷின் வைத்திருப்பவனுக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை என்பது அவன் கட்சி. இவர்கள் போதாதென்று, யாரும் கூப்பிடாமலே லிஃப்ட்காரரின் அக்கா ஒரு பையோடு வந்து இறங்கினாள். "என் தம்பி வீட்டுக் கூரையை அவங்க வீட்டு ஆளுங்க மட்டும் போட்டா, நாளைக்கு யாரு கூரைன்னு பேச்சு வரும்" என்றாள். வாசலுக்கு எதிரே தெருவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மூன்று நாளும் அங்கிருந்து எழவில்லை, சாப்பாட்டு நேரம் தவிர.

பழைய ஓடுகளை எடுத்துவிட்டு இரும்புப் பைப்பில் சட்டம் கட்டி அதன்மேல் தகர ஷீட் போடுவது என்று முடிவாயிற்று. அளவெடுப்பதில்தான் முதல் சண்டை. சின்ன மச்சான் போனிலேயே ஏதோ ஒன்றைத் திறந்து, வீட்டைப் படம் பிடித்து, இருபத்தாறு ஷீட் என்றான். பெரிய மச்சான் தெருவில் நீட்டி நீட்டி நடந்து பார்த்துப் பதினான்கு என்றார். மனைவி ப்ளவுஸுக்கு அளவெடுக்கிற நாடாவைக் கழுத்திலிருந்து உருவி, சுவரை முதுகு அளவு, தோள் அளவு என்று அளந்து, துண்டுத்தாளில் குறித்தாள்.

"பத்தொன்பது."

"நான் கம்ப்யூட்டர்ல போட்டுச் சொல்றேன்க்கா!"

"உன் கம்ப்யூட்டர் பிடிச்சுத் தைக்குமா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும்ல? தையலுக்கு விட்டுதான் சொல்றேன். பத்தொன்பது."

பத்தொன்பது வந்து இறங்கியது. சரியாகவும் இருந்தது. ஆனால் அதைக் கடைசிவரை யாரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மச்சான்கள் இருவரும் மேலே ஏறினார்கள். லிஃப்ட்காரருக்கு ஏணியைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு. இடிப்பது என்று வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஈடு இணை கிடையாது. இரண்டு தலைமுறையாக ஒருவர் பேச்சை ஒருவர் இடித்தே பழகியவர்கள். பத்து மணிக்குள் பாதிக் கூரை காணோம். ஓட்டுக்கும் மரத்துக்கும் நடுவிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவந்தது: மூன்று பந்து, எலிக்கூடு ஒன்று, எலி தன் குடும்பத்துக்காகக் கொண்டுபோயிருந்த ஒரு காலுறை, மகள் பள்ளிக்கூட நாளில் ஒளித்த மதிப்பெண் அட்டை.

அப்புறம் பெரிய மச்சான், தரையிலிருந்தே கை எட்டுகிற தாழ்வான சுவர் விளிம்பில் கைவிட்டுத் துழாவினார். பஸ்ஸில் சில்லறை தேடிப் பழகிய கை. அது எதையோ கவ்விக்கொண்டு வந்தது.

"மாப்ள! இது யாருது?"

ஒரு சிகரெட் பாக்கெட்டும் தீப்பெட்டியும். லிஃப்ட்காரர் சிகரெட்டை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதாவது, மனைவிக்குத் தெரிந்து. அவர் ஏணியையே முதல்முறை பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தார்.

தெருவிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அது எங்க அப்பாவோடதா இருக்கும். பாவம், அவரு அங்கதான் ஒளிச்சு வைப்பாரு."

மனைவி கையை நீட்டினாள். பாக்கெட் அவள் கைக்கு வந்தது. அட்டையைத் திருப்பி, அச்சிட்டிருந்த தேதியைப் பார்த்தாள்.

"உங்க அப்பா தவறிப் பதினேழு வருஷம் ஆச்சு அண்ணி. இது போன மாசத்து பாக்கெட்."

"அப்ப அவரு ஆவியா வந்து குடிச்சிருப்பாரு" என்றாள் அக்கா, கொஞ்சமும் அசராமல். ரத்த பாசம் என்பது அதுதான்.

மனைவி பாக்கெட்டைத் தையல் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மாலைக்குள் கூரை முழுசாக இறங்கிவிட்டது. அவர்கள் திட்டப்படி அன்றே புதுச் சட்டம் ஏறியிருக்க வேண்டும். ஆனால் கழற்றுகிற வேகம் மாட்டுவதில் இல்லை. வெல்டிங் மெஷின் கொண்டுவருவதாகச் சொன்ன சின்ன மச்சானின் நண்பன் மறுநாள்தான் வருவான் என்று தெரிந்தது. ஆக, லிஃப்ட்காரர் குடும்பம் நாலு சுவருக்கு நடுவே, மூடி தொலைந்த டப்பாவில் கிடக்கிற சாமான் போலக் கிடந்தது. மகள் வெளியூரிலிருந்து போன் போட்டு, "அப்பாவை மட்டும் மேல ஏத்திடாதீங்க" என்றாள். "அவரு கட்டில்ல ஏறறதே பெருசு" என்று மனைவி போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை லிஃப்ட்காரர் கண் விழித்தபோது, எதிர்வீட்டு மாடியில் ரிட்டயர்டு தபால்காரர் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டு, நேராக அவர் கட்டிலைப் பார்த்தார்.

"என்ன சார், இன்னும் எந்திரிக்கலையா? அம்மா டீ போட்டு ஆறிட்டிருக்கே."

குளியலறைக்கும் அதே கூரைதான் என்பதால், குளிக்கும்போது ஒரு கையில் குடை. உலகத்திலேயே மழையில்லாமல், குடைக்குள் நனைந்த ஒரே ஆள் அவர்.

குளித்துவிட்டு வந்து கூடத்தில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். வருஷக்கணக்காகச் சாம்பல் நிறம் என்று நம்பிவந்த சுவர் நீலமாக இருந்தது. நல்ல நீலம். அவரே தேர்ந்தெடுத்த நிறம். புதுக்குடித்தனம் வந்தபோது அடித்தது. வெளிச்சமே படாமல் அவருக்கு மறந்தே போயிருந்தது. வெயில் அலமாரியில் ஏறி, நாட்காட்டியில் இறங்கி, அவர் உட்காரும் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"ஒரே ஒரு ஷீட் மட்டும் கண்ணாடி ஷீட்டா போட்டா என்ன?" என்றார், வெல்டிங்கில் இருந்தவர்களிடம். "இந்த நாற்காலிக்கு மேல."

பெரிய மச்சான் சிரித்தார். "வெயில் மண்டையைப் பொளக்கும் மாப்ள."

"அது வெடிச்சுப் போகும் மாமா. டெக்னிக்கலா அது சரிப்படாது" என்றான் சின்ன மச்சான்.

"எதிர்வீட்டுக்காரரு இன்னும் நல்லாப் பாப்பாரு" என்றாள் மனைவி.

அக்காவுக்குக் கண்ணாடி ஷீட் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் வேண்டாம் என்றாள். லிஃப்ட்காரர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஏணியைப் பிடிக்கப் போனார். யார் எந்த மாடி சொன்னாலும் போகிற பழக்கம் அவ்வளவு லேசில் விடாது.

மதியத்துக்குள் சட்டம் ஏறிவிட்டது. அதன்பிறகு ஷீட்டை ஏற்றுவதில் மாட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு ஷீட்டும் பதினான்கு அடி. எடை அதிகமில்லை, ஆனால் காற்றுக்கு அதைக் கண்டாலே கொண்டாட்டம். முதல் ஷீட்டை ஏணி வழியாகத் தள்ளும்போது ஒரு காற்று வந்தது. சின்ன மச்சான் விட்டுவிட்டான். விடாவிட்டால் அவனும் போயிருப்பான். ஷீட் தெருவைக் கடந்து, தபால்காரரின் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, அவர் போர்வையைப் போர்த்துக்கொண்டு படுத்தது. இரண்டாவது ஷீட் அக்காவின் நாற்காலிக்கு இரண்டு அடி தள்ளி விழுந்தது. அக்கா நாற்காலியை அரை அடி நகர்த்திக்கொண்டு, "ம், அடுத்தது" என்றாள்.

மச்சான்கள் மேலே நின்று ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"நாலு நாலாச் சேர்த்துக் கட்டினா காத்து தூக்காது."

"நாலு சேர்ந்தா யாரு தூக்கறது? உங்க தாத்தாவா?" என்றார் பெரிய மச்சான்.

"லிஃப்டை யாரு தூக்கறாங்கன்னு நினைக்கிறீங்க மச்சான்? மோட்டார் மட்டுமா? பின்னாடி சுவரை ஒட்டி, பெட்டி கனத்துக்கு ஒரு கனம் தொங்குது. இது ஏறினா அது இறங்கும். மோட்டாருக்கு விரல்ல தள்ற வேலைதான்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தம் தொழிலைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. சின்ன மச்சான்தான் முதலில் இறங்கி, ஃப்ரிட்ஜ் ஏற்ற வைத்திருந்த கப்பியையும் கயிறையும் எடுத்துவந்தான். முகட்டுப் பைப்பில் கப்பியைக் கட்டினார்கள். ஒரு முனையில் நாலு ஷீட். மறுமுனையில், கூடை கூடையாக மேலே கொண்டுபோய் உடைந்த ஓடு நிரப்பிய இரண்டு மூட்டை. லிஃப்ட்காரர் ஷீட் கட்டிலிருந்து வந்த இன்னொரு கயிற்றை வாசல் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, விட்டுவிட்டுப் பிடித்தார். மூட்டை இறங்கியது, ஷீட் கட்டு அலுங்காமல் குலுங்காமல் மேலே போனது. தபால்காரர் மாடியிலிருந்து கைதட்டினார். தம்பியைப் பெற்றது தானே என்பதுபோல அக்கா தெருவை ஒரு பார்வை பார்த்தாள்.

மூன்று கட்டு ஏறிற்று. நாலாவதில் மூட்டை கிழிந்து ஓடெல்லாம் கொட்டிவிட்டது. வேறு சாக்கு இல்லை.

"விடுங்க, நானே உக்காந்துக்கறேன்" என்றார் மேலே இருந்த பெரிய மச்சான். "எப்படியும் டீக்கு இறங்கணும்."

பலகை ஒன்றைக் கயிற்றில் ஊஞ்சல் போலக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் அதில் உட்கார்ந்து, "போலாம் ரைட்!" என்றார். லிஃப்ட்காரர் பிடியைத் தளர்த்தினார். ஷீட் ஏற, மச்சான் இறங்க, இரண்டும் பாதி வழியில் சந்தித்துக்கொண்ட இடத்தில் ஷீட்டின் முனை அவர் வேட்டியைக் கொத்திக்கொண்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க மாப்ள!"

நிறுத்தினார். மச்சான் ஒரு கையால் கயிற்றையும் மறுகையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு எட்டடி உயரத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வேட்டியை விடுவித்துக்கொண்டுவிட்டார்.

"ஆச்சு. இறக்குங்க."

லிஃப்ட்காரர் இறக்கவில்லை. அவர் அதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பின்னால் எத்தனையோ முறை சத்தியம் செய்து சொன்னார். கயிறு கையில் இருந்தது. பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. உள்ளே இருக்கிறவருக்கு அவசரம். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, எந்த மாடி என்று அவர் சொல்லலாம் போலத் தோன்றியது.

"மச்சான், கண்ணாடி ஷீட் ஒண்ணு வேணும்."

"என்னது?"

"என் நாற்காலிக்கு மேல. ஒண்ணே ஒண்ணு."

"முதல்ல இறக்குங்க, பேசிக்கலாம்!"

"இப்பவே பேசிடலாம். அப்புறம் உங்களுக்கு டீ குடிக்கணும்."

"டேய், இவரு என்னடா..." என்று மேலே தம்பியைப் பார்த்தார். தம்பி சிரிப்பை அடக்க முகட்டுப் பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "ரெண்டு போடறேன் மாப்ள! மூணு போடறேன்! வீடு பூரா கண்ணாடியாவே போட்டுடறேன், ஆளை விடுங்க!"

"ஒண்ணு போதும்" என்று சொல்லி லிஃப்ட்காரர் அவரைப் பூப்போல இறக்கினார். கதவைத் திறந்துவிடுகிற பழக்கத்தில் கை தானாக ஒருபக்கம் விலகியது.

மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "இந்த மனுஷனுக்குள்ள இப்படி ஒரு ரவுடி இருக்கான்னு யாரும் எனக்குச் சொல்லலையே" என்றாள் நாத்தனாரிடம். குரலில் கோபம் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. சின்ன மச்சான் போய்க் கண்ணாடி ஷீட் வாங்கிவந்தான். மீந்துபோன தகர ஷீட்டை அக்கா, "இது என் வீட்டுக் கோழிக் கூண்டுக்கு" என்று சொல்லி, அதன்மேலேயே பையை வைத்துவிட்டாள்.

திங்கள் மதியம் கடைசித் திருகாணி ஏறியது. செவ்வாய் காலை வேலைக்குப் போனார். சனி, திங்கள் என்று இரண்டு நாள் அவர் முக்காலி காலியாக இருந்திருக்கிறது. கட்டடத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவது மாடி மேனேஜர் உள்ளே வந்து, போனைப் பார்த்துக்கொண்டே, தாமே கையை நீட்டி ஆறை அழுத்திவிட்டார். லிஃப்ட்காரரின் விரல் பாதி வழியில் நின்றது. அவர் அந்த விரலால் மூக்கைச் சொறிந்துகொண்டார். முன்பு என்றால் அன்று முழுக்க அதை நினைத்தே சாப்பிட்டிருக்க மாட்டார். அன்று சாப்பிட்டார். சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரமே கிளம்பினார். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

போய்ப் பார்த்தால் அவர் நாற்காலி சமையலறை மூலையில் இருந்தது. கண்ணாடி ஷீட்டுக்கு நேர் கீழே தையல் மெஷின்.

"காத்து நல்லா வருதுன்னு இங்க போட்டேன்" என்றாள் மனைவி, விளக்குப் போடாமலே ஊசியில் நூல் கோத்துக்கொண்டு.

நாலு பக்கமும் மூடிய கூடத்தில் எங்கிருந்து காற்று வருகிறது என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மேலே ஒரு காக்கை நடந்துபோனது. காக்கையை அடியிலிருந்து பார்ப்பது அவருக்குப் புது அனுபவம். அது ஒன்றும் அவ்வளவு மரியாதையான காட்சி இல்லை. சிறிது நேரத்தில் அது இன்னும் மரியாதை குறைவாக ஒன்றைச் செய்துவிட்டுப் பறந்தது. அதைத் துடைக்க மேலே யார் ஏறுவது என்கிற கேள்வி அன்றே எழுந்து, இன்றுவரை முடிவாகாமல் இருக்கிறது.

சிகரெட் பாக்கெட்டைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ஒரு நாள் அவரே, "அது... எப்பவாவது ஒண்ணுதான்" என்று ஆரம்பித்தார்.

"எது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை எங்க வெச்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும். இனிமே ஓடும் கிடையாது" என்று மெஷினை மிதித்தாள்.

அடுத்த வாரம் மழை வந்தது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. பதினொரு பாத்திரங்களும் அடுப்படியில் வேலையிழந்து உட்கார்ந்திருந்தன. ஆனால் தகரத்தின் மேல் மழை பெய்தால் என்ன சத்தம் வரும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆயிரம் பேர் லாரி நிறைய ஜல்லியைக் கொட்டுவதுபோல் இருந்தது. மனைவி எதிரே உட்கார்ந்து வாயை அசைத்தாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு அமைதியை அவர் கண்டதில்லை. கண்ணாடி ஷீட்டில் தண்ணீர் நெளிந்து ஓட, அதன் நிழல் நீலச் சுவரில் ஓடியது. அவள் மறுபடி ஏதோ கேட்டாள். அழகாக இருந்தாள். அவர் தலையாட்டினார். அவள் இன்னொன்று கேட்டாள். அதற்கும் மனப்பூர்வமாகத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வாசலில் பெரிய மச்சான், தோளில் ஏணி. பக்கத்தில் சின்ன மச்சான், இரண்டு கையிலும் பெயிண்ட் டப்பா. தெருவில் அக்கா நாற்காலியை எங்கே போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள தள்ளிப் போங்க மாப்ள" என்றார் பெரிய மச்சான். "வீடு பூரா மஞ்சள் அடிக்க நீங்களே சம்மதிச்சிட்டீங்களாமே!"

லிஃப்ட்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டேனே, மழையன்னிக்கு" என்றாள் அவள். "ரெண்டு தடவை கேட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் நீலச் சுவரைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் ஏணியின் அடிக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மத்ததெல்லாம் மஞ்சளோ பச்சையோ அடிங்க. கூடத்துச் சுவர் நீலம். இல்லேன்னா ஏணி ஏறாது."

பெரிய மச்சான் ஏணியைப் பார்த்தார், தம் வேட்டியைப் பார்த்தார், கடைக்கு நீலம் வாங்கக் கிளம்பினார்.